உங்களுக்குத் தெரியுமா? ஒற்றை நட்டில் நிற்கும் புல்லட் கவர்

● 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் பழைய புல்லட்டில், இடப்பக்க பிரைமரி செயின் கவரைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே நட்டுதான். ஆயிலைத் தடுப்பது விளிம்பில் ஓடும் ரப்பர் சீல். ஒழுகுகிறதே என்று நட்டை மேலும் முறுக்கினால் கவர் வளைந்து ஒழுக்கு அதிகமாகும்!

● இன்றைய பைக்குகளில் கவரைச் சுற்றிப் பல போல்ட்டுகள். எல்லாம் ஒரே நீளம் இல்லை. அதனால் கைதேர்ந்த மெக்கானிக் ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றிய போல்ட்டுகளை அந்தந்த இடத்தில் குத்தி வைப்பார். நீள போல்ட்டை ஆழமில்லாத துளையில் முறுக்கினால் அலுமினிய கேஸ் விரிசல் விடும்.

● கவருக்கும் கேஸுக்கும் நடுவே ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டக் கூடாது. ஆயில் கசிய ஒரு கீறல் போதும்.

● சிலிகான் பசையை அள்ளிப் பூசுவதும் ஆபத்து. உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஆயில் போகும் வழியை அடைக்கும்.

● மும்பை மழையில் தேவ்நார், செம்பூர்ப் பக்கம் தேங்கிய தண்ணீரில் வண்டியை ஓட்டினீர்களா? ஆயில் பார்க்கும் கண்ணாடியைக் கவனியுங்கள். பால் காபி நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. மேற்கொண்டு ஓட்டாமல் ஆயிலை மாற்றுங்கள். கேஸ்கெட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.