பந்தை இவனுக்கும் உருட்டு

கைக்குழந்தை சும்மா இருப்பதில்லை. காலை உதைக்கும். குப்புற விழும். தவழ்ந்து போய்ச் சொம்பைத் தட்டிவிடும். "சேட்டை" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். ஆனால் குழந்தைக்கு அதுதான் படிப்பு. தட்டினால் சொம்பு உருளும், சத்தம் வரும், தண்ணீர் கொட்டும் என்று அப்போதுதான் தெரிந்துகொள்கிறது.

சில குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கும். இதை முன்பு 'மனவளர்ச்சி குன்றிய நிலை' என்றார்கள். இப்போது 'அறிவுசார் குறைபாடு' என்கிறார்கள். இது சாபம் அல்ல. ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல. இந்தக் குழந்தைகளில் பலர் தாமதமாக உட்காருவார்கள். தாமதமாக நடப்பார்கள்.

"பாவம், விழுந்துவிடும்" என்று வீட்டில் எப்போதும் இடுப்பிலேயே வைத்திருப்பார்கள். பாசம்தான் காரணம். ஆனால் இடுப்பிலேயே இருக்கும் குழந்தை எப்படித் தவழும்? சொம்பை எப்படித் தட்டும்? தரையில் பாய் விரித்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு விளையாட விட வேண்டும்.

விலை கொடுத்துப் பொம்மை வாங்க வேண்டாம். பழைய துணியில் பெரிய பந்து கட்டலாம். துணிப் பந்து மெதுவாக உருளும், பிடிக்க எளிது. குழந்தையும் அக்காவும் காலை விரித்து எதிரெதிரே உட்கார வேண்டும். முதலில் ஒரு முழ தூரம் போதும். அம்மா பின்னால் உட்கார்ந்து, குழந்தையின் கையைப் பிடித்துப் பந்தைத் தள்ள வேண்டும். சில நாள் கழித்து மணிக்கட்டை மட்டும் தொடலாம். பிறகு முழங்கையை. அப்புறம் "தள்ளு" என்ற சொல் போதும். மற்றக் குழந்தை பத்து தடவையில் கற்பதை இவன் நூறு தடவையில் கற்கலாம். சலித்துக்கொள்ளக் கூடாது.

நடைவண்டி வேகமாக ஓடிவிட்டால், அதன்மேல் ஒரு செங்கல்லைக் கட்டி வையுங்கள். வண்டி மெதுவாகப் போகும்.

தெருப் பிள்ளைகள் இவனை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வது உண்டு. ஆட்டத்தில் இருப்பான், ஆனால் கணக்கில் இல்லை. அது போதாது. இவனுக்கும் முறை வர வேண்டும். ஓடிப் பிடிக்கும் ஆட்டத்தில் எல்லாரும் தவழ்ந்து பிடிக்கட்டும். பிள்ளைகளிடம் சொன்னால், இதைவிட நல்ல வழியை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. 'டவுன் சிண்ட்ரோம்' உள்ள குழந்தைகளில் சிலருக்குக் கழுத்து எலும்பு இணைப்பு தளர்ந்திருக்கும். இதயக் கோளாறும் இருக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் குட்டிக்கரணம் போட விடக் கூடாது.

ஒன்பது மாதம் ஆகியும் குழந்தை உட்காரவில்லையா? 18 மாதம் ஆகியும் நடக்கவில்லையா? "அப்பாகூட லேட்டாகத்தான் நடந்தார்" என்று காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வந்து குழந்தைகளைச் சோதிக்கும் திட்டம் 2013-இல் நாடு முழுவதற்கும் தொடங்கியது. ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். சோதனை இலவசம். பல மாவட்டங்களில் பயிற்சி தர அரசு மையமும் உண்டு.

2023 நவம்பரில் மத்திய அரசு அங்கன்வாடிகளுக்கு ஒரு வழிமுறை வெளியிட்டது. மாற்றுத்திறன் குழந்தைகளையும் மற்றவர்களோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. "இவனை இங்கே வைத்துக்கொள்ள முடியாது" என்று யாராவது சொன்னால், தாய் இதை எடுத்துச் சொல்லலாம்.