கோழிக்குப் பாடம் சொல்லும் பிள்ளைகள்

 

2025 ஜூன் 25 அன்று நம் நாட்டு விமானப்படையைச் சேர்ந்த சுபான்ஷு சுக்லா அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து புறப்பட்டு, மறுநாள் சர்வதேச விண்வெளி நிலையத்தை அடைந்தார். 1984-இல் ராகேஷ் சர்மா போன பிறகு பூமியின் சுற்றுப்பாதைக்குப் போன இரண்டாவது இந்தியர் அவர். அந்த விண்கலத்தில் நான்கு பேரோடு ஐந்தாவதாக ஒரு ஆளும் இருந்தது. அது ஒரு வெள்ளை அன்னக்குஞ்சுப் பொம்மை, பெயர் ஜாய். நமது அறக்கட்டளையின் மாலை வகுப்புப் பிள்ளைகள் செய்தியைக் கைபேசியில் பார்த்துவிட்டு வந்து ராக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "அந்தப் பொம்மை எதுக்கு?" என்றுதான் கேட்டார்கள்.

நல்ல கேள்வி. ராக்கெட் மேலே ஏறும்போது உள்ளே இருப்பவர்கள் இருக்கையோடு சேர்த்து அழுத்தப்படுகிறார்கள். என்ஜின் நின்றதும் அந்த அழுத்தம் போய்விடும். உடம்பை வாரால் கட்டி உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நொடியைக் கண்ணால் காட்ட ஒரு பொருள் வேண்டும். ஆகவே சிறு பொம்மை ஒன்றை நூலில் கட்டி விடுகிறார்கள். அது மிதக்கத் தொடங்கினால் எடையற்ற நிலை வந்துவிட்டது என்று பொருள். 2020 மே மாதம் போன அமெரிக்க விண்வெளி வீரர்கள் இருவரும் ஒரு டைனோசர் பொம்மையைக் கொண்டுபோனார்கள். அதைத் தேர்ந்தெடுத்தது அவர்களுடைய பிள்ளைகள்.

இந்த இடத்தில் பெரியவர்களாகிய நாமே ஒரு தவறு செய்கிறோம். "அங்கே புவியீர்ப்பு கிடையாது, அதனால் மிதக்குது" என்று சொல்லிவிடுகிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். விண்வெளி நிலையம் பூமியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. அங்கே பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான். மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் அது ஓயாமல் விழுந்துகொண்டே பூமியைச் சுற்றுகிறது. பொம்மையும் ஆளும் கலமும் ஒன்றாக விழுவதால் ஒன்றன்மேல் ஒன்று அழுந்துவதில்லை. இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ராக்கெட் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் துளை போட்டு, நீர் நிரப்பி, மூடியைத் திறந்து வையுங்கள். துளை வழியே நீர் பீய்ச்சும். அதை மாடிப்படி உயரத்திலிருந்து கீழே விடுங்கள். விழும் நேரத்தில் மட்டும் நீர் வருவது நின்றுவிடும். கீழே ஆள் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொம்மையை விண்வெளிக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியதும் உண்டு. 1985 ஏப்ரலில் அமெரிக்க விண்கலம் ஒன்றில் பம்பரம், யோயோ போன்ற விளையாட்டுச் சாமான்களோடு, சாவி கொடுத்தால் குட்டிக்கரணம் போடும் எலிப்பொம்மை ஒன்றும் போனது. இங்கே குட்டிக்கரணம் போட்டுத் தரையில் நிற்கும் எலி அங்கே என்ன செய்யும்? பிள்ளைகள் முதலில் ஊகித்துச் சொல்ல வேண்டும், பிறகு படத்தைப் பார்க்க வேண்டும். முழுப் பாடமும் அந்த ஊகத்தில்தான் இருந்தது.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

நமது மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் வீட்டில் உருது, பள்ளியில் தமிழ், பாடப்புத்தகத்தில் இன்னொரு தமிழ். அறிவியல் பாடத்தில் கேள்வி கேட்டால் நன்றாகப் படிக்கும் இரண்டு பையன்கள் கை தூக்குவார்கள். மற்றவர்கள் தரையைப் பார்ப்பார்கள், பெண்பிள்ளைகள் இன்னும் கூடுதலாக. அவர்களுக்குத் தெரியாது என்று பல நாள் நினைத்திருந்தேன். வாய் திறந்து தவறாகச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம்தான் காரணம் என்பது பிறகுதான் புரிந்தது. இந்தப் பயம் ஐந்தாம் வகுப்புக்குள் போகாவிட்டால் ஆறாம் வகுப்பில் அறிவியல் மனப்பாடமாகிவிடும், ஒன்பதாம் வகுப்பில் "எனக்கு சயின்ஸ் வராது" என்றாகிவிடும். அந்தச் சொல்லோடு படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் பெயர்கள் நமது கல்வி உதவித்தொகைப் பதிவேட்டில் இருக்கின்றன.

ஜாய் பொம்மையைப் பற்றிய பேச்சு சூடாக இருந்தபோதே நாமும் ஒரு பொம்மை வாங்குவோம் என்று முடிவானது. நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு அன்னத்துக்கு எங்கே போவது? கோழிதான் வாங்கினோம். கையை உள்ளே விட்டு ஆட்டும் துணிப்பொம்மை.

முதல் வாரம் படுதோல்வி. கோழியின் குரலில் நானே நீர்ச்சுழற்சிப் பாடத்தை நடத்தினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முடிவில் ஆவியாதல் என்றால் என்ன என்று கேட்டேன். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. என் குரலை மட்டும் எல்லோரும் அச்சாகச் செய்து காட்டினார்கள்.

நமது வகுப்புக்கு உதவ வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாய், உங்க கோழிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. அப்புறம் அது எதுக்கு? வாத்தியார்தான் ஏற்கனவே இருக்காரே. கோழிக்கு ஒண்ணும் தெரியக்கூடாதுங்க."

அடுத்த வாரம் அவரே கோழியைக் கையில் மாட்டிக்கொண்டார். இரண்டு தட்டில் ஐஸ்கட்டி. கோழி ஒன்றைப் பார்த்துப் பரிதாபப்பட்டது: "ஐயோ, இதுக்குக் குளிருமே! கம்பளி போர்த்தி விடுங்க. ஆனா போர்த்தினா சூடாகிச் சீக்கிரம் உருகிடுமோ?" பையன்கள் பாதிப்பேர் உருகிவிடும் என்றார்கள். அப்போது ஒரு வார்த்தையும் பேசாத நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து கோழியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இல்ல கோழி, எங்க அத்தா மீன் பெட்டியில ஐஸ் மேல சாக்கு போட்டு மூடுவாங்க. மூடினாத்தான் சாயங்காலம் வரைக்கும் நிக்கும்" என்றாள். கோழி நம்பவில்லை. "சாக்கு சூடாச்சே" என்றது. "சாக்குல சூடு இல்ல, வெளிச் சூட்ட உள்ள விடாது" என்று அந்தப் பிள்ளை சொன்னாள். பிறகு ஒரு கட்டியைக் கம்பளித் துணியில் சுற்றி, இன்னொன்றை அப்படியே விட்டு, அரை மணி நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள். சுற்றாத கட்டிதான் முதலில் உருகியது. வெப்பக் கடத்தல், காப்பான் என்ற சொற்களெல்லாம் அதற்குப் பிறகு வந்தன.

அவளுடைய அத்தா மீன் வியாபாரி. தன் தொழிலில் தினமும் செய்யும் காரியம் அறிவியல் பாடத்தில் இருக்கிறது என்று அவருக்கும் அன்றுதான் தெரிந்தது.

இது நாங்கள் கண்டுபிடித்த வித்தை அல்ல. இங்கிலாந்தில் ஸ்டூவர்ட் நெய்லர், பிரெண்டா கியோ ஆகிய கல்வியாளர்கள் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளில் கைப்பொம்மைகளைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து எழுதிய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. பொம்மை வந்த பிறகு ஆசிரியர்கள் மனப்பாடத்தைச் சோதிக்கும் கேள்விகளைக் குறைத்து, யோசிக்க வைக்கும் கேள்விகளைக் கூடுதலாகக் கேட்டார்கள். பிள்ளைகளும் காரணம் சொல்லிப் பேசினார்கள். வாத்தியார் கேட்டால் அவருக்கு விடை தெரியும், நம்மைச் சோதிக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரியும். பொம்மை கேட்டால் அதற்கு உண்மையாகவே உதவி தேவைப்படுகிறது. துணி என்று தெரிந்தும் பிள்ளை அதற்கு இரங்குகிறது. அந்த இரக்கம் வாயைத் திறக்க வைக்கிறது.

சில பெற்றோர் "ஸ்கூலுக்கு அனுப்புனா பொம்மையை வச்சு விளையாட்டு காட்டுறாங்க" என்று குறைப்பட்டார்கள். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும், மத்திய அரசு 2023 பிப்ரவரியில் வெளியிட்ட ஜாதூயி பிட்டாரா என்ற பெட்டியிலும் ஆட்டம், பாட்டு, பொம்மை எல்லாம் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டவை. பிள்ளை வீட்டுக்கு வந்து பொம்மையைப் பற்றிச் சொன்னால், "அதுகிட்ட என்ன சொன்னே?" என்று கேளுங்கள். விளையாட்டா பாடமா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

இன்னொரு ஆட்சேபம் வந்தது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உயிருள்ளவற்றின் உருவத்தை மதரஸாக் கட்டடத்துக்குள் வைக்கலாமா என்று ஒரு தந்தை கேட்டார். கேட்டது சரி. ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகளை வைத்துத் தோழியரோடு விளையாடியதும், நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காததும் புகாரியில் பதிவாகியுள்ளன. அபூதாவூதில் உள்ள இன்னொரு செய்தியில் ஒரு போரிலிருந்து திரும்பி வந்த நபி (ஸல்) அவர்கள், அந்தப் பொம்மைகளுக்கு நடுவே துணித்துண்டால் இறக்கை வைத்த குதிரை ஒன்றைக் கண்டு, குதிரைக்கு இறக்கையா என்று கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததாக நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள். அதைக் கேட்டு நபியவர்கள் கடைவாய்ப்பற்கள் தெரியச் சிரித்தார்கள். இதை வைத்துக் குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைக்கு அறிஞர்கள் பலர் விலக்கு அளித்துள்ளனர், மாற்றுக் கருத்து உள்ளோரும் உண்டு. ஐயமுள்ளவர்கள் தங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். கண், மூக்கு வைக்காத வெறும் காலுறையைக் கையில் மாட்டினாலும் பிள்ளைகள் அதனோடு பேசத்தான் செய்கிறார்கள், நாங்கள் செய்து பார்த்தோம். நமது வகுப்பில் கோழி பாடம் முடிந்ததும் அலமாரிக்குள் போய்விடும். அலங்காரமாக வெளியே வைப்பதில்லை.

அந்த ஹதீஸில் எனக்குப் பிடித்தது கேள்வி கேட்கப்பட்ட விதம். பெரியவர் கேட்டார், சிறுபிள்ளை தன் காரணத்தைச் சொன்னது, பெரியவர் மகிழ்ந்தார்.

வீட்டில் செய்து பார்க்க நம் சமையலறையே போதும். கோழிப்பொம்மை "நான் போட்ட முட்டை தண்ணியில முங்கிடும்" என்று அடம்பிடிக்கட்டும். புது முட்டை வெறும் நீரில் முழுகும். அதே நீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் மேலே வந்துவிடும். எத்தனை கரண்டி என்று பிள்ளை எண்ணட்டும். பழைய முட்டை வெறும் நீரிலேயே எழும்பி நிற்கும். ஓட்டில் உள்ள நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி, உள்ளே காற்றறை பெரிதாகிவிடுவதே காரணம். கடைக்குப் போகும் அம்மாமார்களுக்கு இது பழைய செய்தி. பிள்ளைகளுக்குப் புதிது.

"கடையில வாங்குன முட்டையை அடைகாத்தா குஞ்சு வருமா?" என்று கோழி கேட்டபோது வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. பண்ணையில் வேலை செய்பவரின் மகன் ஒருவன்தான் தீர்த்துவைத்தான். முட்டைக்கோழிப் பண்ணைக் கொட்டகையில் சேவல் கிடையாது, ஆகவே அந்த முட்டையில் கரு இல்லை, 21 நாள் அல்ல, ஒரு வருடம் உட்கார்ந்தாலும் குஞ்சு வராது.

அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும் என்று கதையில் கேட்ட பிள்ளைகளுக்கு, பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீர்தான் என்று சொல்லுங்கள். சூடான பாலில் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரிந்ததை வடிகட்டினால் அன்னத்தின் வேலையில் கொஞ்சத்தை நாமே செய்துவிடலாம். சுக்லா விண்வெளியில் முளைக்க வைத்த விதைகளில் பச்சைப்பயறும் வெந்தயமும் உண்டு. தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் பங்கேற்ற சோதனை அது. ஈரத்துணியில் அதே பயற்றை நம் வீட்டில் ஒரு கிண்ணம் வெளிச்சத்திலும் ஒரு கிண்ணம் இருட்டிலும் வைத்து, எது முதலில் முளைக்கும் என்று கோழி பந்தயம் கட்டாமல் ஊகிக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கை. கோழி தவறாகச் சொன்னதைச் சோதித்துப் பார்க்காமல் பாதியில் விட்டுவிடாதீர்கள். மறுநாள் பிள்ளை தவறையே பாடமாக நினைத்துக்கொள்ளும். அவசரத்தில் நீங்களே விடையைச் சொல்லிவிடவும் வேண்டாம். இரண்டாவதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. பச்சை முட்டையைத் தொட்டபின் கை கழுவச் சொல்லுங்கள்.

அலுவலகத்தில் இப்போது மூன்று கைப்பொம்மைகளும் முகம் வைக்காத இரண்டு துணியுறைகளும் உள்ளன. ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஞாயிறு அஸருக்குப் பின் கையெழுத்திட்டு வாங்கிச் செல்லலாம். ஒரு வாரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். கூடவே ஒரு நோட்டும் தருவோம். பிள்ளை பொம்மைக்கு என்ன விளக்கம் சொன்னது என்று அதில் எழுதித் தாருங்கள். எழுத வராதவர்கள் வந்து வாயால் சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். பெரிய கோழியின் வலது இறக்கை தையல் விட்டிருக்கிறது. தைக்கத் தெரிந்த சகோதரிகள் யாரேனும் உதவினால் நன்று.