எழுந்து நின்றால் போதுமா?

தலையில் அடிபட்ட வீரர் களம் திரும்ப அவசரப்படக் கூடாது என்கிறது மருத்துவம். அவசரம் எல்லோருக்கும் இருக்கிறது

2019 ஆகஸ்ட் 17. லார்ட்ஸ் மைதானத்தில் ஆஷஸ் தொடரின் இரண்டாவது டெஸ்ட். ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து கழுத்தைத் தாக்க, 80 ரன்கள் எடுத்திருந்த ஸ்டீவ் ஸ்மித் மண்ணில் சரிந்தார். சோதனைகளில் தேறினார். முக்கால் மணி நேரத்தில் மீண்டும் ஆட வந்து 92 ரன்னில் அவுட்டானார். மறுநாள் காலை தலைவலி, மந்தம். மறு சோதனையில் நிலைமை மோசமாகியிருந்தது. அவருக்குப் பதிலாக பேட் பிடித்த மார்னஸ் லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றில் முதல் கன்கஷன் மாற்று ஆட்டக்காரர். அந்த விதி அமலுக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வின் தந்திரமே இதுதான். அடிபட்டவுடன் தெரியாதது மறுநாள் தெரியும். நினைவு தப்ப வேண்டும் என்பதில்லை. சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தென்படாது. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுமையாகத் தடுக்காது. குலுங்கிய மூளை செல்களுக்கு வழக்கத்தைவிட அதிக சக்தி தேவைப்படுகிறது. அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டம் குறைகிறது. இந்தப் பற்றாக்குறை தீருமுன் இன்னொரு அடி விழுந்தால், சிறிய அடியாக இருந்தாலும் ஆபத்து. இளம் வீரர்களுக்கு அபூர்வமாக மூளை வீங்கி உயிரே போய்விடுவதுண்டு.

2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்த வழி ஆறு படிகள் கொண்டது. முதல் ஓரிரு நாள் ஓய்வு, அதாவது அன்றாட வேலைகளோடு சரி. இருட்டறையில் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. அடுத்து நடை, சைக்கிள் போன்ற உடற்பயிற்சி. பிறகு தனியாக ஓட்டம். நான்காவது, மோதல் இல்லாத பயிற்சி. ஐந்தாவது, முழுப் பயிற்சி. கடைசியில்தான் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். அறிகுறிகள் முற்றிலும் மறைந்து டாக்டர் அனுமதித்த பிறகே நான்காவது படி. மாணவர்கள் முழுநேரம் பள்ளி செல்லத் தொடங்கிய பிறகே மைதானம். 2025-இல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில், கன்கஷன் உறுதியான வீரருக்குக் குறைந்தது ஏழு நாள் ஓய்வைக் கட்டாயமாக்கியது.

காகிதத்தில் எல்லாம் சரி. 2020 டிசம்பரில் கான்பெராவில் நடந்த டி20 ஆட்டத்தில் கடைசி ஓவரில் ரவீந்திர ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. அவர் தொடர்ந்து ஆடினார். இன்னிங்ஸ் இடைவேளையில்தான் விலக்கப்பட்டார். மாற்றாக வந்த யுஸ்வேந்திர சாஹல் 3 விக்கெட் எடுக்க, அது நியாயமா என்பதுதான் விவாதமாயிற்று. ஜடேஜாவின் தலை இரண்டாம்பட்சம்.

அலட்சியத்தின் விலையை இந்தியா அறியும். 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்ற ரமன் லம்பாவின் தலையில் பந்து தாக்கியது. நடந்தே பெவிலியன் திரும்பிய அவர், மூளையில் ரத்தக் கசிவால் மூன்று நாளில் இறந்தார். அது கன்கஷனைவிடக் கொடிய காயம். ஆனால் முதல் சில நிமிடங்களில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. வாந்தி தொடர்ந்தால், தலைவலி கூடினால், வலிப்பு வந்தால், பேச்சு குழறினால் உடனே ஆஸ்பத்திரிதான்.

அடிமேல் அடி பட்டால் என்னவாகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் வில் புகோவ்ஸ்கி உதாரணம். 2021 ஜனவரியில் சிட்னியில் இந்தியாவுக்கு எதிரான தன் முதல் டெஸ்டில் 62 ரன்கள் எடுத்தார். அதுவே கடைசி டெஸ்டுமாயிற்று. பத்துக்கும் மேற்பட்ட கன்கஷன்களுக்குப் பிறகு, 2025 ஏப்ரலில் 27 வயதில் ஓய்வை அறிவித்தார்.

அவருக்காவது டாக்டர்கள் இருந்தார்கள். நம் பள்ளி மைதானத்திலும் கபடிக் களத்திலும் ஒரு சொம்புத் தண்ணீர்தான் வைத்தியம். டாக்டர் இல்லாத இடத்துக்கும் ஒரு விதி உண்டு: சந்தேகம் வந்தால் அன்று ஆட்டம் முடிந்தது. கால் முறிந்த பையனை யாரும் ஓடச் சொல்வதில்லை. தலைக்குள் நடந்தது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் வித்தியாசம்.