அமெச்சூர் வானொலி: விளையாட்டும் தொண்டும்

உழைப்பிற்குப் பின் ஓய்வு வேண்டும் என்பதை மறுப்பார் இலர். அந்த ஓய்வை எவ்வாறு கழிப்பது என்பதில்தான் மனிதர்கள் வேறுபடுகின்றனர். சிலர் திண்ணையில் அமர்ந்து உரையாடுவர். சிலர் பஜனையிலும் நாடகத்திலும் மனம் செலுத்துவர். வேறு சிலருக்கோ ஓடாத கடிகாரமும் பாடாத வானொலிப் பெட்டியும் கண்ணில் பட்டால் போதும். திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவர். உள்ளே இருப்பது என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்று அறியும் வரை அவர்களுக்கு உணவும் உறக்கமும் நினைவில் இரா. நெசவாளர் இல்லமாயினும் விவசாயி இல்லமாயினும், ஊருக்கு இரண்டொரு பிள்ளைகள் இப்படி இருப்பதைக் காண்கிறோம். “உருப்படியான வேலையைப் பாரடா” என்று பெரியவர்கள் அவர்களைக் கடிந்துகொள்வதையும் கேட்கிறோம்.

இந்தக் கடிந்துரை எவ்வளவு தூரம் நியாயமானது? கருவிகளின் மீது கொண்ட ஆசையால் வளர்ந்த ஒரு பொழுதுபோக்கை எடுத்துக்கொண்டு இதை ஆராய விரும்புகிறோம். அதுவே அமெச்சூர் வானொலி.

அமெச்சூர் என்பவர் யார்?

நம் வீடுகளில் உள்ள வானொலிப் பெட்டி பிறர் பேசுவதைக் கேட்க மட்டுமே உதவும். அரசாங்கத்தின் தேர்வில் தேறி, அனுமதி பெற்று, தம் வீட்டிலேயே ஒலிபரப்பும் கருவியும் வைத்துக்கொண்டு, தம்மைப் போன்ற பிறருடன் வான்வழியே உரையாடுபவர் அமெச்சூர் வானொலியாளர். ‘ஹாம்’ என்றும் அவரை அழைப்பர். அமெச்சூர் என்ற சொல்லுக்குக் கூலிக்காக அன்றி, ஆசைக்காக ஒரு கலையைப் பயில்பவர் என்று பொருள். அவர்களுக்குரிய விதிகளும் அதற்கேற்பவே அமைந்துள்ளன. செய்தி அனுப்புவதற்காகப் பணம் பெறலாகாது, வியாபாரத்திற்குப் பயன்படுத்தலாகாது, மறைமொழியில் பேசலாகாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற திறந்த மனத்துடனேயே பேசவேண்டும்.

ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு அழைப்புக் குறி உண்டு. இந்திய அமெச்சூர்களின் குறிகள் ‘வி.யு.’ என்ற எழுத்துகளுடன் தொடங்கும். பிரதம மந்திரியாக இருந்த ராஜீவ் காந்தியும் ஓர் அமெச்சூரே. அவரது குறி வி.யு.2 ஆர்.ஜி. வானலையில் பதவியும் செல்வமும் செல்லுபடியாவதில்லை. மந்திரியாயினும் பள்ளி மாணவனாயினும் தம் குறியைச் சொல்லி, தம் முறைக்குக் காத்திருந்தே பேசவேண்டும்.

மாலை நேரத்து வேலைகள்

இவர்களுடைய ஓய்வு நேரம் எவ்வாறு கழிகிறது என்று பார்ப்போம். பெரும்பாலோர் தொடங்குவது ‘கிரிஸ்டல் செட்’ என்னும் எளிய பெட்டியில். ஓர் ஏரியல் கம்பி, அட்டைக் குழாயின் மேல் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள், ஒரு கண்டென்சர், கலீனா என்னும் ஈயக் கனிமத்தின் துண்டு அல்லது ஒரு டயோடு, ஒரு ஹெட்போன் - இவ்வளவே அதன் உறுப்புகள். பாட்டரியோ மின் இணைப்போ வேண்டுவதில்லை. காற்றில் வரும் அலையின் சக்தியே காதில் ஒலியாக மாறும். தார் சுற்றிப் பழகிய விரல்களுக்குக் கம்பிச் சுருள் சுற்றுவது கடினமான வேலை அன்று. வரிசை பிசகாமலும் இழுவிசை மாறாமலும் சுற்றவேண்டும் என்ற விதி இரண்டிற்கும் ஒன்றே.

அடுத்தது ஏரியல் கட்டும் வேலை. 40 மீட்டர் அலையில் பேச விரும்புபவர் சுமார் 20 மீட்டர் நீளக் கம்பியை நடுவில் பிரித்து, இரண்டு மரங்களுக்கிடையே உயரத்தில் கட்டினால் போதுமானது. கருவியும் பெரியதாக இருக்கவேண்டுவதில்லை. 5 வாட்டும் அதற்குக் குறைவும் ஆன சக்தியில், அதாவது ஒரு சிறு இராவிளக்கு எரியும் அளவுள்ள மின்சாரத்தில், கடல் கடந்து பேசுவதையே பந்தயமாகக் கொண்டவர்களும் உளர்.

பின்னர் காத்திருத்தல். வானத்தில் சுமார் 60 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கிப் பல நூறு கிலோமீட்டர் வரை அயனி மண்டலம் பரவியுள்ளது. சூரியனின் கதிர்களால் மின்னூட்டம் பெற்ற அந்த அடுக்குகள் சிற்றலைகளை வளைத்துப் பூமிக்குத் திருப்புகின்றன. பகலில் ஒரு விதமாகவும் இரவில் வேறு விதமாகவும், சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சூரியனின் வேகத்திற்கு ஏற்பவும் அவை மாறுகின்றன. பருவமும் காற்றும் பார்த்து விதைக்கும் விவசாயியைப் போலவே, அமெச்சூரும் வானத்தின் பருவம் பார்த்தே அழைக்கவேண்டும்.

தொடர்பு கிடைத்தவுடன் இருவரும் தத்தம் ஊரையும், ஒலி எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதையும் தெரிவித்துக்கொள்வர். பிறகு நாள், நேரம், அலைவரிசை ஆகியவற்றைக் குறித்து ஒரு கார்டைத் தபாலில் அனுப்புவர். இவ்வாறு பல தேசங்களிலிருந்தும் வந்த கார்டுகளைச் சுவரில் ஒட்டி வைப்பதில் அவர்களுக்கு உள்ள பெருமை சொல்லி முடியாது. ‘நரி வேட்டை’ என்று ஒரு விளையாட்டும் உண்டு. ஒருவர் சிறு ஒலிபரப்பியை எங்கேனும் மறைத்து வைப்பார்; மற்றவர்கள் கைக்கருவியால் அலை வரும் திசையை அறிந்து அதைத் தேடிப் பிடிப்பர்.

கழித்துப்போட்ட அலைகள்

இவையெல்லாம் விளையாட்டு என்றே தோன்றும். ஆனால் இந்த விளையாட்டிலிருந்து உலகம் பெற்றது சிறிதன்று.

1912-ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்த நீளமும் உள்ள அலைகளுக்குள் ஒதுக்கியது. நீண்ட அலைகளே தொலைதூரம் செல்லும் என்பது அந்நாளைய நம்பிக்கை. ஆகவே பயனற்றவை என்று கருதப்பட்ட அலைகள் இவர்களுக்குக் கிடைத்தன. தமக்குக் கிடைத்த தரிசு நிலத்தை இவர்கள் உழுது பார்த்தனர். 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்களின் சங்கம் பால் காட்லி என்பவரை ஸ்காட்லாந்திற்கு அனுப்பியது. அவர் கடற்கரை அருகே கூடாரம் அடித்து, அட்லாண்டிக்கிற்கு அப்பாலிருந்து வந்த அமெச்சூர்களின் ஒலியைக் கேட்டார். 1923 நவம்பரில் பிரான்சிலிருந்த லியோன் டெலாய் என்பவரும் அமெரிக்க அமெச்சூர்களும் சுமார் 100 மீட்டர் அலையில் இருவழியாகச் செய்தி பரிமாறிக்கொண்டனர்.

1924 அக்டோபர் 18-ஆம் தேதி, நியூஸிலாந்தில் ஆட்டுப்பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்த பிராங்க் பெல்லும், லண்டனில் மில் ஹில் பள்ளியின் 18 வயது மாணவர் செசில் காய்டரும் ஒருவரோடு ஒருவர் தொடர்பு கொண்டனர். பூமியின் ஏறக்குறைய எதிரெதிர்ப் புறங்களில் இருந்தவர்கள் அவர்கள். பின்னர் பிராங்க் பண்ணை வேலையில் ஈடுபட, அவருடைய சகோதரி பிரெண்டா பெல் அந்த நிலையத்தை ஏற்று நடத்தி, நியூஸிலாந்தின் முதல் பெண் அமெச்சூராக விளங்கினார்.

பண்ணையிலும் பள்ளியிலும் இருந்தவர்களால் இது எவ்வாறு முடிந்தது? கண்டறிந்ததை அவர்கள் பூட்டி வைக்கவில்லை என்பதே காரணம். ஒருவர் வரைந்த கருவிப் படத்தைப் பத்திரிகையில் வெளியிட, மற்றொருவர் அதைச் செய்து பார்த்துத் திருத்த, மூன்றாமவர் அதை மேலும் செம்மைப்படுத்தினார். தனித்தனியே சிறு மூலதனமும் சிறு அறிவும் உடையவர்கள் அவற்றை ஒன்று சேர்த்தபோது பெரும் பொதுச் செல்வம் உண்டாயிற்று. கூட்டுறவுக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் வேறு என்ன வேண்டும்?

சென்னையின் பங்கு

இந்த வரலாற்றில் நம் நாட்டிற்கும் இடம் உண்டு. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924 மே 16-ஆம் தேதி சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31-ஆம் தேதி 40 வாட் சக்தியுள்ள கருவியைக் கொண்டு அது ஒலிபரப்பைத் தொடங்கியது. பண நெருக்கடியால் 1927-இல் கழகம் மூடப்பட்டது. ஆயினும் அதன் கருவி வீண்போகவில்லை. அதைப் பெற்றுக்கொண்ட சென்னை நகராட்சி, 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பி, கடற்கரையிலும் பூங்காக்களிலும் பொதுமக்கள் கேட்க வகை செய்தது. கழகம் மறைந்தது; அதன் கருவி பொதுச் சொத்தாக நிலைத்தது.

1938 ஜூன் 16-ஆம் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. அச்சமயம் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் வேறு யாருமல்லர்; பள்ளி மாணவராக நியூஸிலாந்துடன் தொடர்பு கொண்ட அதே செசில் காய்டர்தான். வானொலியால் நம் விவசாயிகள் அடைந்த நன்மைக்கு ஓர் உதாரணம் போதும். 1960-களில் திருச்சி வானொலியின் வழியே புகழ் பெற்ற ஏ.டி.டி. 27 என்ற நெல்லைத் தஞ்சை விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர்.

விளையாடப் போனவர்கள் செய்த தொண்டு

2004-ஆம் ஆண்டு டிசம்பரில், ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிலையத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் அந்தமான் சென்றனர். அவருடைய குறி வி.யு.2 ஆர்.பி.ஐ. அமெச்சூர்களுக்கு அந்தமான் அரிதிற் கிட்டும் இடம். அங்கிருந்து ஓர் அழைப்பு வந்தால் உலகெங்கும் உள்ளவர்கள் அதைப் பிடிக்க ஆவலோடு முந்துவர். அந்த மகிழ்ச்சிக்காகவே போர்ட் பிளேரில் ஒரு ஹோட்டலில் நிலையம் அமைத்து அவர்கள் பேசிக்கொண்டிருந்தனர்.

டிசம்பர் 26-ஆம் தேதி காலை ஆறரை மணியளவில் பூமி நடுங்கியது. பின்னர் ஆழிப்பேரலை எழுந்தது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. விளையாட்டிற்காகக் கொண்டு சென்ற கருவி, தீவுகளுக்கும் தாய்நாட்டிற்கும் இடையே செய்திப் பாலமாயிற்று. பாரதி பிரசாத் தம் நிலையத்தை அதிகாரிகளின் உபயோகத்திற்கு அளித்தார். பெருஞ்சேதமுற்ற கார் நிகோபாரிலும் அமெச்சூர்கள் ஒரு நிலையம் அமைத்தனர். இன்னார் உயிருடன் இருக்கிறார் என்ற ஒரு வரிச் செய்திக்காகத் தவித்திருந்த குடும்பங்களுக்கு அச்செய்தி வான்வழியே கிடைத்தது. அன்று அந்தக் கருவி அங்கே இருந்ததற்கும், அதை இயக்கத் தெரிந்த கைகள் அருகில் இருந்ததற்கும் காரணம் ஒரு பொழுதுபோக்கே அல்லவா?

“இப்போது ஆளுக்கொரு கைபேசி இருக்கிறதே, இது எதற்கு?” என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். கைபேசி தனியே பேசுவதில்லை. கோபுரமும் மின்சாரமும் இடைநிலையங்களும் ஒருசேர இயங்கினால்தான் அது பேசும். 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையேறிய பின், மின்சாரமும் தொலைபேசியும் இன்றிப் பல நாள் தவித்த காவிரிப் பகுதி மக்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஒரு பாட்டரியும் ஒரு நீளக் கம்பியும் உடைய அமெச்சூரோ இடையில் எவரையும் நம்பி இருப்பதில்லை.

நாம் செய்யக்கூடியது

கருவிகளை வாங்கிக் குவிப்பது வேறு. கருவியை அறிவது வேறு. புதிது வந்தவுடன் பழையதை எறிந்துவிட்டுக் கடன் பட்டு வாங்குவதை நாம் பொழுதுபோக்கு என்று சொல்லமாட்டோம். அதனால் கடைக்காரருக்கு லாபம் உண்டே அன்றி வாங்குபவருக்கு அறிவு வளர்வதில்லை. திறந்து பார்ப்பவனும், பழுது நீக்குபவனும், தான் கற்றதைப் பிறருக்குச் சொல்பவனுமே உண்மையான கருவிப் பிரியன்.

அத்தகைய பிள்ளைகளுக்குச் சங்கக் கட்டிடத்தில் ஒரு மூலையை ஒதுக்கித் தரலாகாதா என்று அங்கத்தினர்களைக் கேட்கிறோம். ஒரு மேஜை, ஒரு சால்டரிங் அயர்ன், மின்சாரத்தை அளக்க ஒரு மீட்டர், பழைய வானொலிப் பெட்டிகள் சில, தமிழில் எழுதிய நல்ல புத்தகங்கள் சில ஆகியவை இருந்தால் போதும். முதலில் கேட்கும் பெட்டியைச் செய்யட்டும். அனுமதி இன்றி ஒலிபரப்புவது குற்றம் ஆதலால், தேர்வு எழுதித் தேறிய பின்னரே பேசும் கருவியைத் தொடவேண்டும். ஏரியல் கம்பி மின்கம்பிகளுக்கு அருகில் செல்லாமலும், இடி மின்னல் காலத்தில் கருவியினின்று பிரிக்கப்பட்டும் இருக்கவேண்டும். இவ்விரண்டையும் பெரியவர்கள் உடனிருந்து கவனித்தல் அவசியம்.

இந்தப் பிள்ளைகள் அனைவரும் பொறியாளர் ஆகிவிடுவர் என்று நாம் கூறவில்லை. ஒருவன் தறியிலேயே அமரலாம்; மற்றொருவன் வயலிலேயே நிற்கலாம். ஆயினும் சங்கத்து விசைத்தறியின் மோட்டார் நின்றாலும், கிணற்று பம்ப் செட் ஓடாமற் போனாலும், அஞ்சாமல் திறந்து பார்க்கும் ஒருவர் ஊரில் இருப்பார். புயல் அடித்து ஊர் தனித்துவிடும் நாளில், நம் நிலையை வெளியுலகிற்குச் சொல்லும் குரலும் ஒன்று இருக்கும். ஆகையால் அடுத்த முறை பையன் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், கடிந்துகொள்ளுமுன் அருகே அமர்ந்து, அது எப்படி வேலை செய்கிறது என்று அவனையே கேட்டுப் பாருங்கள்.