பழைய வண்டிக்கு எந்தச் சங்கிலி?

மலர்க்குழு நண்பர்கள் வழக்கம்போல சமண இலக்கியம் பற்றித்தான் கட்டுரை கேட்டார்கள். “இந்தத் தடவை கடை விஷயம் எழுதுகிறேனே” என்றேன். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் நாற்பது வருஷத்துக்கு மேல் மோட்டார் உதிரிப் பாகங்கள் விற்றவன் நான். படித்ததைவிட கை அழுக்கானதில் கற்றுக்கொண்டதுதான் அதிகம்.

காரணம் ஒன்று உண்டு. சென்ற மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் வந்தான். சாஃப்ட்வேர் வேலை. தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டி ஷெட்டில் கிடக்கிறது, எஞ்சினைப் பிரித்துப் புதுசாக்கப் போகிறான். “மாமா, டைமிங் செயினை எடுத்துட்டு நேரா கியர் டிரைவ் போட்டுடலாமா?” என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

சென்னையில் பிறந்த வண்டி

ஹெரால்டு நம்ம ஊர் வண்டி. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று பெயர். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இதைத் தயாரித்தது. 948 சி.சி., நான்கு சிலிண்டர். கேம் ஷாஃப்ட் பிளாக்கின் உள்ளேயே இருக்கும். கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் ஒரு சிறிய பல்சக்கரம், கேம் ஷாஃப்டில் அதைப்போல் இரண்டு மடங்கு பற்கள் கொண்ட பெரிய சக்கரம். இரண்டையும் ஒற்றை வரிசைச் சங்கிலி ஒன்று இணைக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. வால்வு எப்போது திறக்கணும், எப்போது மூடணும் என்பதை இந்தச் சங்கிலிதான் காப்பாற்றுகிறது.

இத்தகைய உருளைச் சங்கிலிக்கு 1880-இல் காப்புரிமை பெற்றவர் ஹான்ஸ் ரெனால்டு. சுவிட்சர்லாந்துக்காரர், மான்செஸ்டரில் தொழில் செய்தவர். நம் பழைய நூல்களில் சங்கிலிக்குத் ‘தொடர்’ என்று பெயர். ஒன்றையொன்று பற்றித் தொடர்வது என்ற பொருளில் பார்த்தால் அதுவே பொருத்தமான சொல்.

சங்கிலி நீள்வது எப்படி?

‘செயின் இழுத்துக்கிச்சு’ என்பார்கள் மெக்கானிக்குகள். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஊசியும் புஷ்ஷும் மயிரிழை மயிரிழையாகத் தேய்கின்றன. எல்லாக் கண்ணிகளின் தேய்மானமும் சேர்ந்து சங்கிலி நீளமாகிறது.

ஒரு கணக்கு பாருங்கள். கேம் சக்கரத்தில் 40 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல்லுக்கு 9 டிகிரி. இறுக்கமான பக்கத்தில் 16 கண்ணிகள். அது நூற்றுக்கு ஒரு பங்கு நீண்டால் 0.16 கண்ணி. கேம் ஏறக்குறைய 1.4 டிகிரி பின்தங்கும். கிராங்கில் அளந்தால் 2.9 டிகிரி. வால்வுகள் தாமதமாகத் திறந்து தாமதமாக மூடும். வண்டி மேடு ஏறத் திணறும். சத்தம் வேறு.

என் பிழை

1984-ஆம் வருஷம். அப்பாவிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஹெரால்டு ஒன்று இருந்தது. முன்பக்கம் கலகலவென்று சத்தம். நான் அப்போது இளவட்டம், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. புதுச் சங்கிலி ஒன்றைக் கடையிலிருந்து எடுத்துப்போய் மாட்டினேன். பல்சக்கரங்கள் ‘இன்னும் ஓடும்’ என்று விட்டுவிட்டேன். முன் மூடியின் உள்ளே இருக்கும் வில் தகடு, அதாவது டென்ஷனர், நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. அதையும் மாற்றவில்லை.

சில மாதங்களில் ஊரிலிருந்து தந்தி வந்தது. பாட்டிக்கு முடியவில்லை. வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊர். ராத்திரியே கிளம்பினோம். கிருஷ்ணகிரி தாண்டியதும் சத்தம் பெரிதாயிற்று, பிறகு ஆயில் விளக்கு எரிந்தது. தேய்ந்த பற்கள் புதுச் சங்கிலியையும் தின்றுவிட்டிருந்தன. தொளதொளத்த சங்கிலி தகட்டைத் தாண்டி முன் மூடியை உரசி உரசி ஓட்டை போட்டு, ஆயில் எல்லாம் ரோட்டில். விடிந்த பிறகு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அன்று முதல் சங்கிலி மட்டும் கேட்டு வருகிறவருக்கு, இரண்டு சக்கரமும் டென்ஷனரும் சேர்த்து வாங்குங்கள் என்று சொல்லாமல் நான் விற்றதில்லை. வியாபாரப் பேச்சு என்று சிலர் நினைத்திருக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒன்று: நல்ல தரமான ஒற்றைச் சங்கிலி, புதிய சக்கரங்களுடன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் வண்டிக்கு இதுவே போதும்.

இரண்டு: இரட்டை வரிசைச் சங்கிலி. பாரம் இரண்டு வரிசையில் பிரிவதால் தேய்மானம் மெதுவாகும். மினி கூப்பர் எஸ் எஞ்சினில் தொழிற்சாலையே இதைப் போட்டது. நீண்ட தூரம் ஓட்ட நினைப்பவருக்கு நான் சிபாரிசு செய்வது இதுதான். ஆனால் அகலம் கூடுவதால் மூடிக்குள் இடம் இருக்கிறதா என்று பார்க்கணும். மினி எஞ்சினில் கேம் தகட்டின் திருகுகள் இடிக்கும். தலை உள்ளே பதியும் திருகு போட வேண்டும். இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று நேர்பட்டை வைத்துப் பார்த்து, தேவையானால் மெல்லிய ஷிம் வைக்கணும். கோணல் இருந்தால் இரட்டைச் சங்கிலியும் சீக்கிரம் போகும்.

மூன்று: வெர்னியர் சக்கரம், கேமை நுணுக்கமாக நகர்த்த. ஹெரால்டுக்கு இது பெரும்பாலும் வீண். கேம் சக்கரத்தில் நான்கு துளைகள் உண்டு, மாட்டுவது இரண்டு போல்ட்டில். சக்கரத்தை 90 டிகிரி திருப்பி மாட்டினால் அரைப் பல் நகரும். முன்பின்னாகப் புரட்டி மாட்டினால் கால் பல் நகரும். அந்தக் காலத்திலேயே யோசித்து வைத்திருக்கிறான்! ஹெட்டைச் சீவியிருந்தாலும் கவலை இல்லை. கேம் பிளாக்கில் இருப்பதால் டைமிங் மாறாது.

நான்கு: கியர் டிரைவ். தேய்மானம் குறைவுதான். ஆனால் இரண்டு ஷாஃப்டுக்கும் நடுவில் உள்ள தூரம் துல்லியமாக இருக்க வேண்டும், சத்தமும் அதிகம். பந்தய வண்டிக்குச் சரி.

ஐந்து: பல் உள்ள ரப்பர் பெல்ட். மாருதி 800-இல் இதுதான். சத்தமில்லை. ஆனால் ஆயில் படக்கூடாது. பழைய எஞ்சினில் ஆயிலைத் தடுத்து வைப்பது லேசான காரியமா?

பிரிக்கும் முன்

முன் மூடியைக் கழற்றாமலே ஒரு சோதனை செய்யலாம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து வையுங்கள். கிராங்க் நட்டை ஸ்பேனரால் ஒரு பக்கம் திருப்பி, பிறகு மெதுவாக எதிர்ப்பக்கம் திருப்புங்கள். உள்ளே ரோட்டர் அசையத் தொடங்கும் முன் கிராங்க் எவ்வளவு சுற்றுகிறது? டிஸ்ட்ரிபியூட்டர் கியரின் ஆட்டமும் இதில் கொஞ்சம் சேரும். இருந்தாலும் இடைவெளி பல டிகிரி இருந்தால் சங்கிலிக்கு வயசாகிவிட்டது.

பையனிடம் கடைசியாகக் கேட்டேன்: “தம்பி, வண்டி எங்கே ஓடப் போகுது?”

“தாத்தாவை வேலூர் கூட்டிட்டுப் போகணும் மாமா. அவருக்கு எண்பத்தி ஏழு.”

“அப்படின்னா இரட்டைச் செயின், ரெண்டு சக்கரம், புது டென்ஷனர். கழற்றின பழைய சக்கரங்களை ஆயில் துணியில் சுற்றி வை, தூக்கிப் போடாதே. கியர் டிரைவ் வேண்டாம், தாத்தா பேசுறது உனக்குக் கேட்கணும் இல்லே?”

சரி என்று போனான். எஞ்சின் லேத் கடையில் இருக்கிறது. மாட்டுகிற அன்று நானும் போய்ப் பார்க்கப் போகிறேன்.