உலாவியில் ஒரு பணப்பை

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த லிங்கநகரில் கணினி பயிலும் மாணவன் ஒருவன், இணைய உலாவியில் இயங்கும் எளிய பிட்கொயின் பணப்பை ஒன்றை அமைக்க முற்படுவதாகக் கொள்ளலாம். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு கணினியும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிப் பயிற்சியும் போதும். ஆயின், அவன் முதலில் அறிய வேண்டிய உண்மை ஒன்றுண்டு. அந்தப் பணப்பையில் பணம் இராது.

பிட்கொயின் 2009ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. உலகெங்குமுள்ள பல்லாயிரம் கணினிகள் ஒரே பேரேட்டின் படிகளை வைத்திருக்கின்றன. எந்த முகவரிக்கு எவ்வளவு உரியது என்பது அப்பேரேட்டிலிருந்தே தெரியவரும். பணப்பையில் இருப்பது திறவுகோல் மாத்திரமே. அத்திறவுகோலும் ஓர் எண்தான். 256 இருமக் கூறுகளைக் கொண்ட மிகப் பெரிய எண்.

பணப்பைக்கு உரிய பணிகள் நான்கு. முதலாவது, அந்த இரகசிய எண்ணைத் தெரிவு செய்தல். இரண்டாவது, கணித முறையால் அதிலிருந்து முகவரியைப் பெறுதல். எண்ணிலிருந்து முகவரியைப் பெறலாம். முகவரியிலிருந்து எண்ணைப் பெற இயலாது. மூன்றாவது, பேரேட்டைப் பார்த்து இருப்பை அறிதல். நான்காவது, பணம் அனுப்புங்கால் இரகசிய எண்ணை வெளியிடாமலே அதனைக் கொண்டு கையொப்பமிடுதல்.

இவற்றுள் உயிர்நாடி முதற்பணியே. எண் எவராலும் ஊகிக்க முடியாததாக இருத்தல் வேண்டும். 2011 முதல் 2015 வரை உலாவிப் பணப்பைகள் பல, பிட்கொயின்ஜேஎஸ் என்னும் நிரற்றொகுப்பைப் பயன்படுத்தின. அக்காலத்து உலாவிகள் சிலவற்றில் அது போதிய தற்செயற்றன்மை இல்லாத எண்களைத் தந்துவிட்டது. இக்குறை 2023 நவம்பரில் விரிவாக வெளியிடப்பட்டது. பூட்டு வலியது, சாவியோ ஊகிக்கத்தக்கது. இக்கால உலாவிகளில் இதற்கெனவே பாதுகாப்பான எண்ணாக்கி உண்டு. மாணவன் அதனையே நாட வேண்டும். சாதாரண விளையாட்டுகளுக்குரிய எண்ணாக்கி இதற்கு ஆகாது.

இரகசிய எண்ணைத் தோற்றுவிக்கும் மூல எண்ணைப் பன்னிரண்டு சொற்களாக மாற்றி எழுதிவைக்கும் முறை 2013ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டது. 2048 சொற்கள் அடங்கிய பட்டியலிலிருந்து அவை பெறப்படுகின்றன. அவற்றைக் கடதாசியில் எழுதிப் பத்திரப்படுத்துதல் நன்று. வங்கிப் புத்தகம் தொலைந்தால் முகாமையாளரிடம் முறையிடலாம். இச்சொற்கள் தொலைந்தால் முறையிட இடமில்லை; பிறர் கையில் சிக்கினால் பணமும் அவருடையதாகும். உலாவியிற் சேர்க்கப்படும் அந்நிய நிரல்களும் சாவியைக் களவாடக்கூடும். ஆதலால் இத்தகைய பணப்பை பெருந்தொகைக்கு ஏற்றதன்று.

மறைகுறி நாணயங்களின் அபாயம் குறித்து இலங்கை மத்திய வங்கி 2021, 2022ஆம் ஆண்டுகளில் மக்களை எச்சரித்தது. இத்தகைய திட்டங்களை நடத்த எந்த நிறுவனத்துக்கும் தான் உரிமம் வழங்கவில்லை என்றும் அது 2022இல் அறிவித்தது. ஆயினும், கற்க விரும்புவோர் வருந்த வேண்டியதில்லை. பெறுமதியற்ற நாணயங்களைக் கொண்டு பயிலுதற்கென்றே பிட்கொயினுக்குச் சோதனை வலையமைப்பு உண்டு. அங்கே பிழை நேர்ந்தாலும் எவருடைய உழைப்பும் வீணாகாது.

ஆழமறியாமற் காலை விடாதே என்பது முதுமொழி. ஆழத்துக்குப் பெயர்பெற்ற துறைமுகத்தின் அருகே வாழும் மாணவனுக்கு அதனை விளக்கிக் கூறவும் வேண்டுமோ?