ஒற்றைச் சிறுநீரகமும் மாத்திரைக் கணக்கும்

எனக்கு இருப்பது ஒரு சிறுநீரகம்தான். கல் அடைத்துச் செயலிழந்த இடது சிறுநீரகத்தை 2014-இல் சொந்த ஊரான மதுரையில் அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். பிறகு நாக்பூர் திரும்பி, ஓய்வு பெறும்வரை தண்டவாளப் பராமரிப்பு வேலையைக் குறைவின்றிப் பார்த்தேன். ஒன்று இல்லை என்பதே மறந்துபோயிற்று. அந்த மறதிதான் சென்ற ஆண்டு வினையாக முடிந்தது.

அக்கி ஆறிய பின்னும் விலாவில் எரிச்சல் நிற்கவில்லை. இங்கே ஒரு மருத்துவர் பிரிகாபாலின் 150 மில்லிகிராம் காலையும் இரவும் சாப்பிடச் சொன்னார். பழைய அறுவை பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான்காம் நாள் ஓயாத தூக்கம், பேச்சில் குழறல். குளியலறை வாசலில் தள்ளாடி விழுந்தேன். பக்கவாதமோ என்று பயந்து மனைவியும் மகனும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளை ஸ்கேனில் ஒன்றுமில்லை. அங்கிருந்த டாக்டர் என் விலாவுக்குக் கீழே இருந்த தழும்பைப் பார்த்துக் காரணம் கேட்டார். விஷயம் விளங்கிவிட்டது.

இரட்டைப் பாதையில் ஒன்றை எடுத்துவிட்டால் வண்டிகள் நின்றுவிடுவதில்லை. ஆனால் தாங்கும் அளவுக்கு மேல் வண்டி வந்தால் யார்டு நிரம்பிவிடும். உடம்பிலும் அப்படியே. ஒரு சிறுநீரகம் போனால் மற்றது சற்றுப் பெருத்துக் கூடுதலாக உழைக்கும். ஆகவே திறன் பாதியோடு நின்றுவிடாது. ஆரோக்கியமானவர்களுக்குப் பழைய அளவில் மூன்றில் இரண்டு பங்கு வரை தேறும். வயது ஏற ஏற அதுவும் குறையும். என் கிரியாட்டினின் 1.5. வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 51 மில்லி. நல்ல உடம்புள்ள இளைஞருக்கு இது 100-க்கு மேல்.

பிரிகாபாலினைக் கல்லீரல் சிதைப்பதில்லை. ஏறக்குறைய முழுவதும் சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். மற்றவர்களுக்குச் சுமார் 6 மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகும். எனக்கு அது வெகுநேரம் தங்கியது. முந்தையது போகுமுன் அடுத்த மாத்திரை வந்து சேர்ந்தது. மருந்தை 75 மில்லிகிராமாகக் குறைத்ததும் தெளிந்தேன்.

எல்லா மருந்தும் இப்படியல்ல. கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டின் பெரும்பாலும் கல்லீரல் வழியே போகும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், இதயத்துக்கான டிகாக்சின், ஜென்டாமைசின் ஊசி ஆகியவை சிறுநீரக வழி. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளோ சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தையே குறைக்கக்கூடியவை. கடையில் கேட்டு வாங்கி விழுங்கலாகாது. அதற்காக எந்த மருந்தையும் நாமாகக் குறைப்பதும் நிறுத்துவதும் தவறு. எத்தனை சிறுநீரகம் என்பதைவிட, இருப்பது எவ்வளவு வேலை செய்கிறது என்பதே மருத்துவரின் கணக்கு.

நம்மில் பலருக்கு அறுவை ஊரில், அதன் ஃபைல் ஊர் வீட்டுப் பெட்டியில், வைத்தியம் இங்கே. இப்போது என் பர்ஸில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதிய ஒரு சீட்டு இருக்கிறது: ஒரே சிறுநீரகம், அறுவை நடந்த ஆண்டு, கடைசி கிரியாட்டினின். மருத்துவர் பேனாவை எடுக்குமுன் அதை நீட்டிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், இன்றே ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்.